நந்தனார் வேஷம் யாருக்கு? ஒரு லட்சம் வாங்கிய கே.பி.எஸ்., ஏழு வருஷத்தில் இடம் பிடித்த தேசிகர்... முழு பின்னணி

1935-ம் ஆண்டு. தமிழில் பேசும்படம் வந்து நான்கே வருஷம்தான் ஆகியிருந்தது. அப்போது ஒரு நடிகைக்கு ஒரே படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் பேசப்பட்டது. நடிகை கே.பி.சுந்தராம்பாள். படம் 'பக்த நந்தனார்'. அவருக்குக் கொடுத்த வேடம் கதாநாயகி வேடம் இல்லை, நந்தனாராகவே அவர்தான் நடித்தார்.

படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. ஏழு வருஷம் கழித்து அதே கதை மறுபடியும் படமானது. இந்த முறை நந்தனார் எம்.எம்.தண்டபாணி தேசிகர். படம் பெரிய வெற்றி. கதையும் ஒன்று, ஊரும் சிதம்பரம்தான். அப்படியானால் ஆள் மாறியதில் என்ன மாறியது?

யார் இந்த நந்தனார்?

63 நாயன்மார்களில் ஒருவர். திருநாளைப்போவார் என்றும் பெயர். சொந்த ஊர் கொள்ளிடக் கரையில் உள்ள ஆதனூர். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம் இருக்கும் மேல ஆதனூர்தான் அது என்று கருதப்படுகிறது. தீண்டாமைக்கு உள்ளான சமூகத்தில் பிறந்தவர். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழ், வீணைகளுக்கு நரம்பும் கொடுத்து வந்தவர். ஆனால் அந்தக் கோயிலுக்குள் போக அவருக்கு அனுமதி கிடையாது. தில்லைக்கு 'நாளைப் போவேன், நாளைப் போவேன்' என்று சொல்லிக்கொண்டே இருந்ததால்தான் அந்தப் பெயர்.

12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் இது சின்னக் கதை. அதைப் பெரிய இசை நாடகமாக வளர்த்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில் பிறந்து, மயிலாடுதுறை அருகே ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர். 1860-களின் தொடக்கத்தில் அச்சில் வந்த அவருடைய 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யில்தான் அந்தப் பண்ணையார் வேதியர் வருகிறார். 40 வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்று நிபந்தனை போடுபவர் அவர்தான். சேக்கிழாரிடம் இந்த வேதியரே கிடையாது. மக்கள் மனசில் இன்று இருக்கும் நந்தன் கதை பெரும்பாலும் பாரதியாருடையதுதான்.

நாடகமாகப் பார்த்தால் இது பெரிய மாற்றம். பெரியபுராணத்து நந்தனாரைத் தடுப்பது ஊர் வழக்கம். பாரதியாரிடம் அந்தத் தடைக்கு ஒரு முகம், ஒரு குரல், ஒரு முதலாளி கிடைத்துவிட்டது. கெஞ்சவும் ஆள், மறுக்கவும் ஆள் வந்தாச்சு. இரண்டு பெரிய பாடகர்கள் மேடையில் எதிரெதிரே நிற்க வழி பிறந்தது இப்படித்தான்.

யார் வேண்டுமானாலும் வரலாம்: ஸ்பெஷல் நாடகத்தின் கணக்கு

அந்தக் காலத்துத் தமிழ் மேடையில் 'ஸ்பெஷல் நாடகம்' என்று ஒரு முறை இருந்தது. தென் மாவட்டத் திருவிழாக்களில் இன்னைக்கும் இருக்கிறது. இதில் நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் வேறெங்கிருந்தோ வருவார்கள். அன்றைய இரவுக்கு மட்டும் ஒப்பந்தம். ஒத்திகைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் விடியவிடிய நாடகம் நடக்கும்.

எப்படி முடியும்? சங்கரதாஸ் சுவாமிகள் போன்றவர்கள் எழுதி வைத்த பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம். ஒருவர் வராவிட்டால் அந்த வேடம் தெரிந்த இன்னொருவரைக் கூப்பிடலாம். ரசிகர்களுக்கும் கதை தெரியும். அவர்கள் பார்க்க வருவது 'இன்னைக்கு யார்?' என்பதைத்தான். நோட்டீஸில் நாடகத்தின் பெயரை விட நடிகர் பெயருக்குக் கூட்டம் சேர்ந்ததன் காரணம் இதுதான்.

கொடுமுடி சுந்தராம்பாளும் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவும் இந்த மேடையில் உருவான நட்சத்திரங்கள். இருவரும் முதலில் ஜோடி சேர்ந்தது 1926-ல், இலங்கையில். அடுத்த வருஷம் கல்யாணம். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27.

ஒரு லட்சம் எதற்கு?

கணவர் மறைவுக்குப் பிறகு சுந்தராம்பாள் வெள்ளைச் சேலைக்கு மாறினார். ஆண் நடிகர்களுடன் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். கூட்டம் சேர்க்கும் குரல் இருக்கிறது, கதாநாயகியாக நடிக்க ஆள் தயாராக இல்லை. இந்த நிலையில் அவருக்குப் பொருந்துகிற வேடம் எது? காதல் இல்லாத, ஜோடி இல்லாத, முழுக்க முழுக்கப் பாட்டும் பக்தியுமான வேடம். நந்தனார் அப்படி ஒரு வேடம். மேடையில் பெண்கள் ஆண் வேடம் கட்டுவதும் அப்போது புதுசு இல்லை.

தயாரிப்பாளர் அசன்தாஸ் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததாகவும், ஆளை விலக்குவதற்காகவே அவர் ஒரு லட்சம் என்று சொன்னதாகவும், தயாரிப்பாளர் உடனே ஒப்புக்கொண்டதாகவும் ஒரு கதை உண்டு. இயக்கியவர் எம்.எல்.டாண்டன், அமெரிக்காவில் சினிமா படித்துத் திரும்பியவர். வேதியராக நடித்தவர் கச்சேரி மேடையின் பெரிய வித்வான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். இரண்டு பக்கமும் சங்கீதப் பிரபலங்கள். காகிதத்தில் பார்த்தால் தோற்க வாய்ப்பே இல்லாத கூட்டணி.

பிறகு ஏன் ஓடவில்லை?

ஆனந்த விகடனில் கல்கி எழுதிய நீண்ட விமர்சனம் இன்றுவரை பேசப்படுகிறது. நட்சத்திரங்களை விடப் படத்தில் வந்த மரமும் விலங்குகளும் நன்றாக நடித்திருந்தன என்கிற அளவுக்குக் கேலி. கொஞ்சம் கடுமைதான். ஆனால் விஷயம் இல்லாமல் இல்லை. நாடகக் கொட்டகையில் பத்து வரிசைக்கு அப்பால் உட்கார்ந்து கேட்பவருக்குக் குரல் வந்தாலே போதும், மீதியை அவர் கற்பனை பண்ணிக்கொள்வார். கேமரா அப்படி விடாது. முகத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். நிலத்தில் உழைத்து உழைத்துக் கறுத்த ஒரு கூலியாள் அங்கே தெரிகிறாரா, இல்லை புகழ்பெற்ற பாடகி வேஷம் போட்டு நிற்கிறாரா என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

தேசிகர் வந்த கதை

1942-ல் எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி ஸ்டுடியோ 'நந்தனார்' எடுத்தது. இயக்கம் முருகதாசா. தண்டபாணி தேசிகரும் பிரபலம்தான், ஆனால் வேறு வகை. தேவாரம் பாடும் ஓதுவார் மரபில் வந்தவர். பட்டினத்தார், தாயுமானவர், மாணிக்கவாசகர் என்று அடுத்தடுத்து அடியார் வேடங்களிலேயே நடித்து, அந்த முகத்துக்கே ரசிகர்களைப் பழக்கி வைத்திருந்தார். வேதியராக செருகளத்தூர் சாமா. இவர் கச்சேரி வித்வான் இல்லை, தேர்ந்த நடிகர். பாடகருக்கு எதிரே நடிகரை நிறுத்தியதுதான் வாசன் செய்த கெட்டிக்காரத்தனம் என்று சொல்லலாம். பாரதியார் பாடல்களோடு பாபநாசம் சிவன், கொத்தமங்கலம் சுப்பு எழுதிய புதுப் பாட்டுகளும் சேர்ந்தன.

பின்னாளில் தேசிகர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறைத் தலைவராகப் பொறுப்பேற்றார். திரையில் தில்லைக்குப் போக ஏங்கியவர் நிஜத்தில் தில்லைக்குப் பக்கத்திலேயே, அண்ணாமலை நகரில் பாட்டு சொல்லிக்கொடுத்தார்.

ஆள் மாற்றுவது உலக வழக்கம்

நியூயார்க்கின் பிராட்வே நாடக வட்டாரத்திலும் இதே கணக்குதான். 1964-ல் தொடங்கிய 'ஹலோ, டாலி!' இசை நாடகத்தில் முதல் டாலி கரோல் சானிங். அவர் விலகியதும் ஜிஞ்சர் ராஜர்ஸ், பெட்டி கிரேபிள் என்று பிரபலங்களை ஒருவர் பின் ஒருவராக இறக்கினார் தயாரிப்பாளர் டேவிட் மெரிக். ஒவ்வொரு பெயருக்கும் டிக்கெட் கவுன்டரில் புதுக் கூட்டம். 1967-ல் பேர்ல் பெய்லி தலைமையில் முழுக்கக் கறுப்பினக் கலைஞர்களே நடித்தார்கள். பாட்டும் வசனமும் அதேதான், நாடகத்துக்குப் புது உயிர் வந்தது. யாருக்காக அந்த வேடம் முதலில் யோசிக்கப்பட்டதோ, அந்த எதெல் மெர்மன் 1970-ல் கடைசி டாலியாக வந்து சேர்ந்தார்.

டாலி கல்யாணத் தரகர். யார் நடித்தாலும் பெரிய வம்பு இல்லை. நந்தனார் விஷயம் அப்படி இல்லை.

யார் நடித்தாலும் மாறாத காட்சி

கதையின் முடிவில் நந்தனார் தீயில் இறங்குகிறார். புதிய உருவத்தோடு எழுந்து, அதன் பிறகே தில்லைக் கோயிலுக்குள் போகிறார். பக்தர்களுக்கு இது அருள். ஆனால் 'எல்லோரும் நடந்து உள்ளே போகும்போது இவர் மட்டும் ஏன் நெருப்பைத் தாண்டணும்?' என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

சுந்தராம்பாள் படம் வந்தபோது கோயில் நுழைவுக்குச் சட்டமே கிடையாது. மதுரை மீனாட்சி அம்மன் கோயில் நுழைவும் அதையொட்டிய சட்டமும் 1939-ல்தான். மாகாணம் முழுக்கக் கோயில்களைத் திறக்கும் சட்டம் 1947-ல் வந்தது. தேசிகர் படம் இந்த இரண்டுக்கும் நடுவே வெளியானது. அது கோலார் தங்கவயலில் திரையிடப்பட்டபோது ஒடுக்கப்பட்ட சமூகத் தொழிலாளர்கள் தீக்காட்சியை எதிர்த்தார்கள் என்றும், அந்த ஊருக்காகக் காட்சி மாற்றப்பட்டது என்றும் திரை வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. நடித்தவர் மேல் அவர்களுக்குக் கோபம் இல்லை, தீ மேல்தான்.

சிதம்பரத்தில் இந்தக் கதைக்கு வேறொரு முகமும் உண்டு. சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் பெயரிலேயே கல்விக் கழகம் தொடங்கி, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். 1927-ல் சிதம்பரம் வந்த காந்தி, நந்தனாரைச் சத்தியாகிரகியாகவே பார்த்துப் பேசினார். இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகமோ, தீயில் இறங்கியதை அருளாக அல்ல, சதியாகக் காட்டியது. நந்தனார் நுழைந்ததாகச் சொல்லப்படும் தெற்கு வாசல் அடைக்கப்பட்டிருக்கிறது, அதைத் திறக்க வேண்டும் என்று சிதம்பரத்தில் போராட்டங்களும் நடந்திருக்கின்றன. அந்த வாசலின் வரலாறு பற்றி மாறுபட்ட கருத்துகள் உண்டு.

இப்போது?

2024-ல் இரா.சரவணன் இயக்கத்தில் சசிகுமார் நடித்த 'நந்தன்' வந்தது. பாட்டு நாடகம் இல்லை, புராணமும் இல்லை. தனித் தொகுதி ஊராட்சியில் தலைவராக்கப்பட்டும் நாற்காலியில் உட்கார முடியாத ஒருவரின் கதை. வேதியரின் இடத்தில் ஊர்ப் பெரிய மனிதர்.

சுந்தராம்பாள் என்ன ஆனார் என்று கேட்பவர்களுக்கு: 1953-ல் 'ஔவையார்' படத்தில் ஊர் ஊராகப் பாடிப் போகும் கிழவியாக வந்து, பட்டிதொட்டி எங்கும் பேசப்பட்டார். அந்தப் படத்தை எடுத்ததும் தேசிகரை நந்தனார் ஆக்கிய அதே வாசன்தான்.