கறிவேப்பிலை அழகியின் தாய்வழியும் தந்தைவழியும்

மர்பி டவுனின் நெருக்கமான வீட்டு வரிசைகளுக்கிடையே ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தால் போதும்; கறிவேப்பிலை அழகி என்னும் கருநிறப் பட்டாம்பூச்சி முட்டையிட வந்துவிடும். இதன் ஆண்களுக்கு ஒரே தோற்றம். பெண்களோ மூவகை. ஒருவகை ஆணைப் போன்றது. மற்றொன்று ரோஜா அழகியையும், மூன்றாவது சிவப்புடல் அழகியையும் ஒத்தது. ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும் ஆடுதீண்டாப்பாளையை உண்டு நஞ்சேறியவை. பறவைகள் அவற்றை விலக்கும். அவற்றின் வேடம் பூண்டவளுக்கும் அந்தக் காப்பு கிடைக்கிறது.

இவ்வேடம் அறிஞர்களையும் மயக்கியது. 1758இல் லின்னேயஸ் இந்த ஓரினத்துக்கே பம்மோன், பாலிட்டெஸ் என இரு பெயர்கள் சூட்டினார். மூன்று பெண் வடிவங்களும் ஓரினத்தவையே என்பதை 1865இல் வெளியான வாலஸின் கட்டுரை விளக்கியது. இலங்கையில் இப்பூச்சிகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துக் கணக்கெடுத்த ஃபிரையர், வேடத்துக்குரிய மரபுக்கூறை ஆணும் தன் தோற்றத்தில் காட்டாமலே மகளுக்குக் கடத்துகிறது என்று 1913இல் எழுதினார்.

இன்று பட்டாம்பூச்சிகளின் உறவுமுறையை வரைய நாம் முதலில் நாடுவது மைட்டோகாண்ட்ரிய மரபுத்தொகுதியை. ஏறத்தாழ 15,000 இணைகளும் 37 மரபணுக்களும் கொண்ட சிறு வளையம் அது. ஓர் உயிரணுவில் அதன் படிகள் பல இருப்பதால், அருங்காட்சியகத்தின் பழைய மாதிரிகளிலிருந்தும் பெற இயல்கிறது. ஆனால் அது தாய்வழியே இறங்குவது. ஒரு தாயின் இரு மகள்கள் வெவ்வேறு வேடத்தில் பிறக்கலாம். இருவரிடமும் இருப்பது அதே தாயின் மைட்டோகாண்ட்ரியாதான். ஆகவே வேடத்தின் வரலாற்றை அந்த வளையத்தில் தேடிப் பயனில்லை.

விடை உட்கருவின் மரபுத்தொகுதியில் இருந்தது. பூச்சிகளின் பால் வேறுபாட்டை நெறிப்படுத்துவதாக அறியப்பட்டிருந்த டபுள்செக்ஸ் என்னும் ஒற்றை மரபணுவே வேடத்தையும் ஆள்கிறது என்று 2014இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. அதன் முதன்மை ஆசிரியர், பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் கிருஷ்ணமேக் குண்டே.

மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் கொண்டு வரைந்த மரவரைபடங்கள் இப்போது ஏராளமாக வெளிவருகின்றன. அவற்றைத் தாய்வழிக் கொடிவழி என்றே வாசிக்க வேண்டும். இனத்தின் முழு வரலாறாகக் கொண்டால், லின்னேயஸ் ஓரினத்தை இரண்டாக எண்ணியதைப் போன்ற பிழைக்கு நாமும் ஆளாவோம்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல் ஒட்டியிருக்கும் இளம்புழுவைக் கண்டால் நசுக்காமல் விடுங்கள். அது பெண்ணாயின், எந்த வேடத்தில் வெளிவரும் என்பது கூட்டுப்புழு திறக்கும் நாளில்தான் தெரியும்.