மூச்சைப் பிடிக்காதே

டைவ்மாஸ்டர் பயிற்சிக்காக அந்தமான் போகிறேன் என்றதும் தூத்துக்குடி மாமா கேட்டார்: “அதுக்கு எதுக்குல படிப்பு? மூச்சப் புடிச்சிக்கிட்டு உள்ள போயிட்டு வர வேண்டியதுதான?” அவர் ஊர்க் கணக்கில் அது சரிதான். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களுக்கு மூச்சே முதல். கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்து இறங்குவார்கள், ஒரு நிமிடம் போல சிப்பி பொறுக்குவார்கள், கயிற்றை ஆட்டினால் மேலே இருப்பவர் இழுப்பார். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டி கரையில் இருப்பார். அவர் இல்லாமல் யாரும் இறங்க மாட்டார்கள் என்பதால் பிரிட்டிஷ் அரசே அவருக்குக் கூலி கொடுத்து வைத்திருந்தது!

ஆனால் ஸ்கூபாவில் சொல்லித்தரும் முதல் விதியே மாமா சொன்னதற்கு நேர் எதிர்: மூச்சைப் பிடிக்காதே. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். வாயை மூடிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியும். முத்துக்குளிப்பவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அவர் மேலே இழுத்த காற்றோடுதான் இறங்குகிறார், அது சுருங்கி, திரும்பப் பழைய அளவுக்கு வரும், அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையாக வந்த கடலறிவு, ஒரு கருவி வந்ததும் ஆளைக் கொல்லும் அறிவாகிவிட்டது.

அந்தக் கருவி 1943-ல் பிரான்சில் வந்தது. கூஸ்தோவும் காஞ்ஞானும் செய்த அக்வாலங். போர் முடிந்து அது அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம். எப்படிச் சுவாசிப்பது, எப்படி ஏறுவது என்று சொல்லித்தர ஆள் இல்லை. தெற்குக் கலிபோர்னியாவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இறந்த பிறகுதான் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனம் முறையான பயிற்சியைத் தொடங்கியது. அதை நடத்தியவர் கான்ராட் லிம்பா. 1954-ல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியிலிருந்து அல் டில்மனும் பெவ் மார்கனும் அவரிடம் போய்க் கற்றுக்கொண்டு, ஊர் மக்களுக்கான பயிற்சியைத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் இன்று டைவிங் கற்றுத்தருபவர்களின் குருபரம்பரையைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் பெரும்பாலும் இந்த வாசலில்தான் முட்டும்.

லிம்பா 1960-ல் பிரான்சின் போர்-மியூ நீருக்கடிக் குகையில் வழி தவறி இறந்தார். வயது 35.

பிரிட்டனில் 1953-ல் பி.எஸ்.ஏ.சி. சங்கத்தை ஆஸ்கர் குகனோடு சேர்ந்து தொடங்கிய பீட்டர் ஸ்மாலின் கதை இன்னும் மோசம். 1962 டிசம்பரில், கேட்டலினா தீவருகே, ஹானஸ் கெல்லர் என்ற சுவிஸ்காரரோடு ஓர் இரும்பு மணிக்கூண்டில் 1000 அடிக்கு இறங்கினார். சாதனை நடந்தது. இருவரும் மயங்கினார்கள். கூண்டு மேலே வரும் வழியில் அழுத்தம் கசிய, காப்பு டைவர்கள் இருவர் இறங்கிப் பார்த்தார்கள். அதில் ஒருவன் 19 வயது மாணவன். மேலே போய்த் தகவல் சொல்ல அனுப்பினார்கள், அவன் திரும்பவேயில்லை. ஸ்மாலும் அன்றே இறந்தார். இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் ஆயிரம் அடியைப் பற்றியே எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பையன்தான் மனதில் நிற்கிறான். நான் பழகிக்கொண்டிருந்தது அவன் வேலையைத்தான்.

1960-ல் நாவி, 1966-ல் படி. பின்னதைத் தொடங்கிய இருவரில் ஜான் க்ரோனின் டைவிங் சாமான் விற்பவர். அதனால் இது வியாபாரமாகிவிட்டது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. அட்டை இல்லாதவனுக்குக் காற்று நிரப்பித் தரமாட்டேன் என்று ஒரு கடைக்காரர் சொல்வது, பல உபதேசங்களைவிட அதிகம் உயிர் காத்திருக்கும்.

பயிற்சியில் 400 மீட்டர் நீச்சல், அசைவற்ற ஆளை 100 மீட்டர் இழுத்துச் செல்வது எல்லாம் உடம்பு வலியோடு முடிந்துவிடும். கஷ்டமானது வேறு: நீருக்கடியில் இரண்டு பேர் ஒரே ரெகுலேட்டரை மாற்றி மாற்றிச் சுவாசித்துக்கொண்டே மாஸ்க், ஃபின், டேங்க் என ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றிக்கொள்ள வேண்டும். கண் எரிகிறது, எதிரில் இருப்பவன் முகம் மங்கல். அவன் ரெகுலேட்டரைத் திருப்பித் தருவான் என்று நம்பித்தான் வாயிலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம். நீருக்கடியில் கயிறு கிடையாது. மேலே இருந்து இழுப்பவரின் இடத்தில் இப்போது பக்கத்தில் ஒருவன்.

ஆனால் பயிற்சியாளர் அதிகம் திட்டியது இதற்கல்ல, தலை எண்ணுவதற்கு. 1998 ஜனவரி 25 அன்று ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் ஒரு படகு 26 பயணிகளோடு போய் 24 பேரோடு கரை திரும்பியது. ஓர் அமெரிக்கத் தம்பதி கடலிலேயே விடப்பட்டார்கள். அவர்களின் பை படகில் அப்படியே கிடந்ததைப் பார்த்து, ஆள் குறைகிறது என்று உறைத்தது இரண்டு நாள் கழித்து. உடல்கள் கிடைக்கவில்லை. படகின் தலைவர் மீது வழக்கு நடந்து விடுதலையானார். அதன்பின் குயின்ஸ்லாந்தில் தலை எண்ணும் விதிகள் இறுகின.

எங்கள் பயிற்சியாளர் காரைக்கால்காரர். எண்ணை மட்டும் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். “பன்னெண்டுன்னு சொல்லாத. பன்னெண்டு பேரு பேரயும் சொல்லு. ஆள் வாயத் தொறந்து ‘இருக்கேன்’னு சொல்லணும், நீ மூஞ்சியப் பாக்கணும்.” அதுவரை என்ஜினைத் தொட விடமாட்டார். பயணிகள் வெயிலில் முணுமுணுப்பார்கள். நான் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, மறுபடியும் முதல் பெயரிலிருந்து ஆரம்பிப்பேன்.