முதுமையில் மெல்லும் திறன்

மெல்லும் திறன் என்பது உணவைக் கடித்து, அரைத்து, உமிழ்நீரோடு குழைத்து, விழுங்கும் பதத்துக்குக் கொண்டுவரும் ஆற்றல். பல்லோடு தாடைத் தசை, நாக்கு, கன்னம், உமிழ்நீர் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை இது. மேலும் கீழும் பொருந்திக் கடிக்கும் கடைவாய்ப் பற்கள் இல்லையென்றால் முன்பல் வரிசை முழுதாக இருந்தும் பெரிய பயனில்லை.

பல் போவதன் விளைவு முதலில் சாப்பாட்டுத் தட்டில்தான் தெரியும். திருவொற்றியூர், எண்ணூர், காசிமேடு போன்ற வடசென்னைக் கடலோரப் பகுதிகளின் முதியவர்கள் முறுக்கையும் வேர்க்கடலையையும் விடுவார்கள்; அடுத்து ஆட்டுக்கறி, கொய்யா, கீரைத்தண்டு. மீன் மட்டும் கடைசிவரை நிற்கும், சதை மெத்தென்று இருப்பதால். ஆனால் அண்ணத்தை மூடும் பல்செட்டு போட்டவருக்கு நாக்கும் அண்ணமும் சேர்ந்து முள்ளைக் கண்டுபிடிக்கும் உணர்வு மங்கிவிடும். தொண்டையில் முள் சிக்கும் என்ற பயத்தில் மீனும் போனால் மிஞ்சுவது ரசம் சாதம், கஞ்சி, டீயில் நனைத்த ரஸ்க். புரதமும் நார்ச்சத்தும் குறைய, தசை மெலிகிறது. தசை மெலிந்தால் படியேறுவதும் தண்ணீர்க் குடம் தூக்குவதும் கடினமாகி, பிறரை எதிர்பார்த்து வாழும் நிலை வருகிறது.

பல் இல்லாதவர்கள் வெற்றிலை பாக்கைச் சிறு உரலில் இடித்து வாயில் அடக்கிக்கொள்வது இன்றும் உண்டு. புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் வெற்றிலை பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்பது பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட முடிவு.

முதியவர் தன் வேலையைத் தானே செய்கிறாரா என்று அறிய 1963-இல் வந்த காட்ஸ் அளவுகோல் குளிப்பது, உடுப்பது, உண்பது உள்ளிட்ட ஆறு செயல்களைப் பார்க்கிறது. தட்டிலிருந்து வாய்க்குக் கை போனால் உண்பதில் தேர்ச்சி. வாய்க்குள் போனது மெல்லப்பட்டதா என்ற கேள்வி அதில் இல்லை. இது பெரிய குறை. மாறாக, ஜப்பான் 1989-லேயே ‘80 வயதில் 20 பல்’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது. 2016 கணக்கெடுப்பில் அந்த வயதினரில் பாதிப்பேர் இலக்கை எட்டியிருந்தார்கள். அங்கே காஷிவா நகர முதியவர்களிடம் நடந்து 2018-இல் வெளிவந்த ஆய்வில், வாயின் செயல்பாடு பல வகையில் தளர்ந்தவர்களுக்குப் பிறர் பராமரிப்பு தேவைப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் மேல் இருந்தது.

முழுப் பல்செட்டின் கடிவிசை இயற்கைப் பல்லின் கால்பங்கு அளவே. அதைச் செய்துகொள்ளவும் அளவெடுப்பு, கடி பதிவு, போட்டுப் பார்ப்பது என்று பல தடவை போக வேண்டும். வடசென்னைக்கு எட்டும் தூரத்தில், கோட்டை ரயில் நிலையம் அருகே, அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2021 பிப்ரவரியில் மெட்ரோவும் விம்கோ நகர் வரை நீண்டது. ஆனாலும் துணைக்கு ஆளில்லாதவருக்கு நான்கைந்து பயணம் லேசானதல்ல.

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கொண்டுவருபவர் முதியவரின் வாயையும் ஒரு நிமிடம் பார்ப்பதை வழக்கமாக்க வேண்டும்: இரண்டு வாரமாக ஆறாத புண், வெள்ளைத் திட்டு, ஈறில் ரத்தம், இரவில் கழற்றாத பல்செட்டு, மாத்திரைகளால் வறண்ட வாய். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் ஈறு கெடும். கெட்ட ஈறு சர்க்கரையைக் கட்டுப்படுத்த விடாது.