மஞ்சள் கொடியும் தகரத் துண்டும்

எங்க பாட்டிக்குச் சாகிறவரைக்கும் பினாயில் வாசனை ஆகாது. வீட்டைக் கழுவிவிட்டால் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்வாள். “ஏலே, கேம்பு நாத்தம் அடிக்கி” என்பாள். எட்டு ஒன்பது வயசில் அப்பன் ஆத்தாளோடு கண்டிச் சீமைக்குத் தேயிலை பறிக்கப் போனவள் அவள். கடலைப் பத்திக் கேட்டால் “ஆமா, தண்ணி” என்பதோடு முடிந்துவிடும். கப்பலைப் பத்தி ஒரு சொல் வராது. கேம்பைப் பத்திக் கேட்டால் மட்டும் நிறுத்தமாட்டாள்.

“வரிசையா குத்தவச்சு உக்கார வச்சாவ. கட்டியிருந்த துணிய அவுத்துக் குடுக்கச் சொன்னாவ. அத ஆவியில போட்டு எடுத்தாவ. மேலுக்கு மருந்துத் தண்ணி ஊத்துனாவ. கையில அம்மை குத்துனாவ. நாக்க நீட்டச் சொல்லிப் பாத்தாவ. ஆறு நாளு இருக்கணும்னு சொன்னாவ. ஆறு நாளும் எங்கம்மா அழுதுக்கிட்டே கெடந்தா.”

பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த தூத்துக்குடி வரலாற்றில் இந்த ஆறு நாள் இல்லை. முத்து இருந்தது, சங்கு இருந்தது, போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் இருந்தார்கள். 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி இருந்தது, ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு கப்பல்களின் பேரும் இருந்தது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில் ஓடிய கப்பல் வெள்ளைக்காரனுக்குச் சொந்தமா, சுதேசிக்குச் சொந்தமா என்ற சண்டை நமக்குத் தெரியும். அந்தத் தடத்தில் மூட்டையைப் போல டெக்கில் உட்கார்ந்து போன சனம் யார், ஏறுவதற்கு முன்னால் அவர்களை என்ன செய்தார்கள் என்பதை அந்தப் புத்தகங்கள் சொல்லவில்லை. இந்தக் கரையின் வரலாற்றை நோயின் பக்கமிருந்து பார்த்தால்தான் அந்தச் சனம் கண்ணுக்குத் தெரிகிறது.

முத்துக்குளிப்பையே எடுத்துக்கொள்வோம். சிப்பியை உடைத்து முத்து எடுப்பதில்லை. கரையில் வேலி கட்டிய கொட்டுகளில் சிப்பியைக் குவித்து நாள்கணக்கில் அழுகவிடுவார்கள். ஈ மொய்த்து, புழு வைத்து, சதையெல்லாம் தின்று கரைந்தபிறகு கழுவி முத்தைப் பொறுக்குவார்கள். குளிப்புக் காலத்தில் வெறும் மணல்காட்டில் ஆயிரக்கணக்கில் சனம் கூடும். குடிதண்ணிக்குத் தோண்டிய ஊத்து, பக்கத்திலேயே வெளிக்குப் போகிற இடம், அழுகிய சிப்பியின் நாத்தம். வாந்திபேதி வராமல் என்ன செய்யும்? வந்தால் குளிப்பை நிறுத்திவிட்டுச் சனம் சிதறி ஓடும். ஓடியவர்களோடு நோயும் ஊர் ஊராகப் போகும். தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரைக்கும்தான். முத்து எந்த ராணியின் கழுத்துக்குப் போனது என்று எழுதினவர்கள் உண்டு. கொட்டுகளைக் கழுவி, குளிப்பு முடிந்த மணலைத் துப்புரவு செய்த கைகளைப் பத்தி எழுதினவர்கள் குறைவு.

இனி கூலிகளின் கதை. 1820, 30களில் இலங்கையில் காப்பித் தோட்டங்கள் வரத் தொடங்கின. ராமநாதபுரம் கரையில் தோணி ஏறி, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டுவழியாக மாத்தளைவரைக்கும் நடந்தே போனார்கள். வடக்கு ரோடு என்று அதற்குப் பெயர். போனவர்களில் பெரும்பங்கு பறையர், பள்ளர், சக்கிலியர். நிலமில்லாத, பஞ்சத்தில் அடிபட்ட சனம். வழியில் பேதி கண்டவனைக் கங்காணி விட்டுவிட்டு நடப்பான், நின்றால் மத்தவர்களுக்கும் வரும். எத்தனைபேர் அந்தக் காட்டில் கிடந்து செத்தார்கள் என்று கணக்கு வைக்கவும் ஆள் இல்லை. அப்போது அது யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை. செத்தவனுக்குப் பதிலாக அடுத்த பஞ்சம் ஆள் அனுப்பும்.

1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. அப்போதுதான் எல்லோருக்கும் பயம் பிடித்தது. 1897இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. அதே ஆண்டு வெனிஸ் நகரத்தில் நாடுகள் கூடிப் பிளேக்கைத் தடுக்க ஒப்பந்தம் போட்டன. துறைமுகத்துக்கு வரும் கப்பலை நிறுத்திச் சோதிப்பது புதுசு இல்லை. மஞ்சள் கொடி ஏற்றிக்கொண்டு வெளியே நிற்கவேண்டும், துறைமுக வைத்தியர் வந்து பார்த்து அனுமதி கொடுத்த பிறகுதான் ஆள் இறங்கலாம். வெனிஸில் நாப்பது நாள் நிறுத்திவைத்தார்கள், குவாரண்டைன் என்ற சொல்லே அந்த நாப்பதிலிருந்து வந்தது. ஆனால் பிளேக் காலத்தில், நோயைத் தடுப்பது எது, ஆளைத் தடுப்பது எது என்ற எல்லை அழிந்துபோனது. 1896 டிசம்பரில் காந்தி வந்த ‘கூர்லண்டு’ கப்பலையும் கூடவந்த ‘நாதேரி’ கப்பலையும் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே மூணு வாரத்துக்குமேல் நிறுத்திவைத்தார்கள். பிளேக் என்று காரணம் சொன்னார்கள். கப்பலில் பிளேக் இல்லை. கரையில் இருந்த வெள்ளையர்களுக்கு இந்தியர் இறங்குவது பிடிக்கவில்லை, அதுதான் நோய்.

இலங்கை அரசும் பயந்தது. தோட்டத்துக்கு ஆளும் வேணும், ஆளோடு நோய் வரவும் கூடாது. அதற்குக் கண்ட வழிதான் கேம்பு. கொழும்புக்கு வடக்கே ராகமையில் ஒன்று. இந்தியக் கரையிலேயே, தூத்துக்குடிக்கு ரயில் வருகிற வழியில், தட்டப்பாறையில் ஒன்று. 1904இல் திருச்சியில் இலங்கைத் தொழிலாளர் கமிஷன் ஏற்பட்டு ஆள்சேர்ப்பு ஒழுங்குக்கு வந்தது. கழுத்தில் தகரத் துண்டு தொங்கவிட்டார்கள். அதில் எந்தத் தோட்டம் என்பதற்கு அடையாளம் இருக்கும். கூலிக்குப் பேர் தேவையில்லை, தகரத்தைப் பார்த்து ஏற்றி இறக்கினால் போதும். 1914இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கியதும் தூத்துக்குடித் தடத்தின் கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. மண்டபம் கேம்பு பெரிசாக வளர்ந்தது. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய கேம்பு அது.

இந்தக் கேம்பை வெறும் கொடுமை என்று எழுதிவிட்டுப் போனால் அது பொய்யாகும். காலரா கிருமி உடம்பில் நுழைந்தால் பெரும்பாலும் அஞ்சு நாளுக்குள் தெரிந்துவிடும். அஞ்சாறு நாள் நிறுத்திப் பார்த்தால் கப்பலிலும் தோட்ட லயத்திலும் பேதி பரவாது. அம்மை குத்தினதால் பிழைத்த பிள்ளைகள் உண்டு. வடக்கு ரோட்டில் நாதியில்லாமல் செத்ததைவிட, கூரைக்குக் கீழே சோறும் மருந்தும் கிடைத்தது மேல்தான். பாட்டியே சொல்லுவாள்: “சோறு வயிறாரப் போட்டாவ. பொய் சொல்லப்படாது.”

பிரச்சினை வேற இடத்தில் இருக்கிறது. கிருமிக்கு டிக்கெட் கிளாஸ் தெரியாது. கேம்புக்கு நல்லாத் தெரியும். ரயிலில் மேல் வகுப்பில் வந்தவரை வைத்தியர் பார்த்து, ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பலாம், போன ஊரில் சுகாதார அதிகாரியிடம் தலையைக் காட்டினால் போதும். தோட்டக் கூலியை அப்படி நம்பமுடியாது, அவனை அடைத்துத்தான் வைக்கணும். அதே கடல், அதே கப்பல், அதே தண்ணி. ஒருத்தருக்கு விசாரணை, இன்னொருத்தருக்குப் பட்டி. நோயைத் தடுக்கவா இந்தப் பிரிவினை?

கப்பலுக்குள்ளேயும் இப்படித்தான். பிரிட்டிஷ் கப்பல்களில் வேலைபார்த்த இந்திய மாலுமிகளுக்குள் ஒரு படிவரிசை இருந்தது. செராங்கு, டிண்டல், லஸ்கர், சமையலுக்குப் பண்டாரி. எல்லாவற்றுக்கும் அடியில் டோப்பாஸ். கப்பலின் தோட்டிக்கு அந்தப் பேர். கக்கூஸ் கழுவுவது, வாந்தியைத் துடைப்பது, மேல்தளத்தைப் பெருக்குவது அவன் வேலை. மொரீஷியஸ், நேட்டால், பிஜித் தீவுகளுக்குக் கூலிகளை ஏற்றிப்போன கப்பல்களிலும் பண்டாரிகளும் டோப்பாஸ்களும் தனித்தனியே இருந்தார்கள். சோறு பொங்குகிற கையும் கழிவைத் தள்ளுகிற கையும் ஒன்றாக இருக்கக்கூடாது என்பது சுகாதாரத்தில் நல்ல விதிதான். ஆனால் அந்தக் கை எந்தச் சாதியின் கை என்பதைக் கிருமி முடிவுசெய்யவில்லை. ஊரில் இருந்த சேரி கப்பலிலும் ஏறிக்கொண்டது. கப்பலில் நோய் பரவாமல் காத்தவர் என்று சர்ஜனின் பேர் காகிதத்தில் இருக்கும். உண்மையில் கழிவுக்கும் சனத்துக்கும் நடுவில் நின்றவன் டோப்பாஸ்தான். முதலில் நோய் தொடக்கூடிய ஆளும் அவன்தான்.

1856இல் கல்கத்தாவிலிருந்து மொரீஷியஸுக்குப் போன கப்பல்களில் காலரா கண்டபோது, அதில் வந்த கூலிகளைக் கேப்ரியல் தீவு என்கிற கல்தீவில் இறக்கிவிட்டார்கள். ஒதுங்க இடமில்லாமல் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அந்தச் சாவுக்காகக் கூலி அனுப்புவதையே கொஞ்சகாலம் நிறுத்தவேண்டிவந்தது. நோய்கண்டவனைத் தள்ளிவைப்பது மட்டும் தடுப்பு ஆகாது. தள்ளிவைத்த இடத்தில் தண்ணி, கூரை, கஞ்சி, வைத்தியம் இருந்தால்தான் தடுப்பு. இல்லாவிட்டால் அது கொலை.

இதெல்லாம் பழங்கதை என்று சொல்லக்கூடும். 2020 பிப்ரவரியில் ஜப்பானில் யோகஹாமா துறைமுகத்தில் ‘டயமண்ட் பிரின்சஸ்’ என்ற உல்லாசக் கப்பலை கொரோனாவுக்காக நிறுத்திவைத்தார்கள். 3,711 பேர் இருந்தார்கள். பயணிகளை அறைக்குள் இருக்கச் சொன்னார்கள். சிப்பந்திகள் சுமார் ஆயிரம் பேர், அவர்களில் நூற்றுக்குமேல் இந்தியர். அவர்கள் சமைத்து, அறை அறையாகச் சோறு கொண்டுபோய்க் கொடுத்து, ஒரே அறையில் ரெண்டு மூணு பேராகத் தூங்கினார்கள். மொத்தம் 712 பேருக்கு நோய் தொற்றியது. குவாரண்டைன் பயணிக்குத்தான், சிப்பந்திக்கு இல்லை. இன்றைக்கும் உல்லாசக் கப்பல்களில் வாந்தி வயித்துப்போக்கு நோய் வந்தால் மருத்துவர்கள் சொல்வது சாதாரணமான காரியங்கள்தான்: சோப்புப் போட்டுக் கை கழுவணும், வாந்தி எடுத்த இடத்தை உடனே மருந்து போட்டுத் துடைக்கணும், நோய்கண்ட சிப்பந்தியைச் சமையலறைக்கு விடக்கூடாது, தண்ணியைச் சோதிக்கணும். வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளம் பிடிப்பார்கள் என்றால் எந்தச் சிப்பந்தி நோயைச் சொல்லுவான்? மறைத்துக்கொண்டு பரிமாறுவான். நோய்த்தடுப்பு என்பது கூலிப் பிரச்சினையும்தான்.

அதே 2020 ஜூன் தொடக்கத்தில் கடற்படையின் ‘ஜலஷ்வா’ கப்பல் கொழும்பில் மாட்டிக்கொண்டிருந்த சுமார் 700 இந்தியரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து இறக்கியது. செய்தியைப் பார்த்தபோது எனக்குப் பாட்டி ஞாபகம்தான் வந்தது. அதே தடம், திசை மட்டும் மாறியிருந்தது.

மண்டபம் கேம்பு இன்னும் இருக்கிறது. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, தோட்டத்தில் மூணு தலைமுறை உழைத்தவர்களைத் திருப்பி அனுப்பியபோது வந்து இறங்கினவர்களுக்கு அதுவே தங்கல். 1983க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழருக்கும் அதுவே முகாம். எந்தப் பிளேக்குக்காகக் கேம்புகள் தொடங்கினவோ அந்தப் பிளேக் போய்விட்டது. ஆளை அடைக்கிற வழக்கம் போகவில்லை.

பாட்டி ஊர் திரும்பியபோது கல்யாணமாகி ரெண்டு பிள்ளை இருந்தது. நல்ல சேலை கட்டி, காலில் செருப்புப் போட்டு வந்தவளை மேலத்தெருவில் மறித்துச் செருப்பைக் கையில் எடுக்கச் சொன்னார்கள். டீக்கடையில் சிரட்டையில் ஊத்தினார்கள். இந்தக் கதையைச் சொல்லி முடிக்கும்போதெல்லாம் அவள் ஒன்று கேட்பாள்: “கேம்புல ஆறு நாளுன்னாவ, ஏழாம் நாளு கப்பல்ல ஏத்திட்டாவ. இங்க எத்தன நாளுன்னு ஒருத்தரும் சொல்லலியே. என்ன நோயின்னும் சொல்லலியே.”

வைத்தியம் படித்தவர்கள் ஒரு குவாரண்டைனுக்கு மூணு விஷயம் சொல்லியாக வேண்டும்: என்ன நோய், எத்தனை நாள், அதற்குள் யார் சோறு போடுவது. இந்த மூணுக்கும் பதில் இல்லாத ஒதுக்கிவைத்தலுக்குத் தீண்டாமை என்று பேர். சுத்தம் என்ற சொல்லை அது திருடிக்கொண்டது. அந்தச் சுத்தத்தைத் தினமும் உண்டாக்குகிற கையை அழுக்கு என்றது.

கேம்பு வழியாகப் போய்வந்த கிழவிகள் ஒவ்வொருவராகப் போய்ச்சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்ட மகளும் பேத்தியும் தூத்துக்குடியிலும், ராமநாதபுரத்திலும், நீலகிரித் தேயிலைக் காடுகளிலும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் ஒருத்தி இருக்கக்கூடும். உட்கார்ந்து கேளுங்கள். எத்தனை நாள் வைத்திருந்தார்கள், என்ன சோறு போட்டார்கள், கக்கூஸ் கழுவினது யார் என்று கேளுங்கள். பேர் இல்லாமல் தகரத் துண்டு மாட்டிப் போன சனத்துக்கு நம்மால் செய்ய முடிந்தது, கேட்டதை அப்படியே எழுதிவைப்பதுதான்.