நம் கடலில் ஓடிய கப்பலை நம் கையால் செய்வோம்

கதிரவெளி உறவுகளே,

சென்ற தவணை வகுப்பில் பாய்க்கப்பல் மாதிரி ஒன்று செய்து வரும்படி பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தோம். வந்தவை எல்லாம் அழகுதான். ஆனால் ஒன்றில் மண்டையோட்டுக் கொடி, இன்னொன்றில் பீரங்கி வாசல். எல்லாம் தொலைபேசியில் பார்த்துச் செய்தவை. "நம்மட கடல்ல ஓடின கப்பல் எங்க மகன்?" என்று கேட்டோம். "அப்பிடியும் இருந்ததா சேர்?" என்றான். பிழை பிள்ளையில் இல்லை. நாம்தான் சொல்லிக் கொடுக்கவில்லை.

இருந்தது. நமக்கு வடக்கே, மூதூர்ப் பக்கம் இருக்கும் கொட்டியாரக் குடாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1659இல் புயலில் பெரிய பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், புது மரம் போடவும் வியாபாரம் செய்யவும் அங்கேதான் வந்தது. அதில் வந்து 1660இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்ட ரொபர்ட் நொக்ஸைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அவர் வந்த காரணம் ஒரு பாய்மரம் என்பதை மறந்துவிடுகிறோம்.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை மேத்திரிமார் கட்டிய 'அன்னபூரணி'யின் நீளம் 89 அடி. வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி, 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' என்று பெயர் மாற்றினார். வல்வை மாலுமிகள் அதைச் செலுத்திப் போய், 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள்.

தெற்கில் ஓடியது யாத்திரா தோணி. பலகைகளைக் கயிற்றால் தைத்து, ஒரு பக்கம் மிதவைக் கட்டை பூட்டி, இரண்டு பாய்மரம் நிறுத்திய சரக்குத் தோணி அது. இந்தியாவுக்கும் மாலைதீவுக்கும் போய் வந்தது. கடைசித் தோணி 1930ஐ அண்டி மாலைதீவுப் பக்கம் அழிந்தது. அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. காரணம், தொடந்துவையில் ஒரு விகாரையில் அதன் மாதிரி ஒன்று இருந்தது. 1990களில் ரொம் வொஸ்மர் என்ற கப்பல் ஆய்வாளர் அந்த மாதிரியை அளந்துதான் தோணியின் அமைப்பை எழுதினார்.

அதே வொஸ்மர் பின்னர் ஓமானில் 'மஸ்கட்டின் மாணிக்கம்' என்ற கப்பலைக் கட்டுவித்தார். இந்தோனேசியக் கடலில் 1998இல் கண்டெடுத்த 9ஆம் நூற்றாண்டுக் கப்பலைப் பார்த்துக் கட்டியது அது. பலகைகள் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. முதலில் சிறு மாதிரி செய்து தண்ணீரில் சோதித்த பிறகே பெரிய கப்பலில் கைவைத்தார்கள். 2010இல் அது நம் காலித் துறைமுகத்துக்கும் வந்து சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது. சிங்கள நண்பர்கள் முஸ்லிம்களாகிய எங்களை 'மரக்கல' என்று அழைப்பதுண்டு. மரக்கலம் என்ற சொல் அதற்குள் இருக்கிறது. அந்த மரக்கலம் எப்படிக் கட்டப்பட்டது என்று நம் பிள்ளைக்குத் தெரியாமல் போகலாமா?

ஆகவே மாதிரி செய்வோம். பெற்றோருக்குச் சில குறிப்புகள்:

முதலில் அளவு. ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று வைத்தால், 89 அடி அன்னபூரணி 22¼ அங்குலத்தில் அடங்கும். எல்லாப் பாகத்துக்கும் இதே கணக்குத்தான். பாய்மரத்துக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று என்று மாற்றினால் கப்பல் பொய்யாகிவிடும்.

இரண்டாவது, கட்டும் வரிசை. அன்னபூரணி போன்றதற்கு முதலில் அடிமரமாகிய ஏரா, பிறகு விலா எலும்பு போன்ற வங்கு, அதன்மேல் பலகை. தைத்த கப்பலுக்கு நேர்மாறு: பலகைகளைத் தைத்து உடலை உருவாக்கிய பிறகே உள்ளே வங்கு வைக்க வேண்டும்.

மூன்றாவது, பலகை. பழைய பழப்பெட்டிப் பலகையை மெல்லிதாகச் சீவினால் போதும். வளைக்குமுன் சுடுநீரில் ஊறவிடுங்கள். வலப்பக்கம் ஒன்று ஒட்டினால் அடுத்ததை இடப்பக்கம் ஒட்டுங்கள். ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டே போனால் கப்பல் முறுகிவிடும்.

நான்காவது, தையல். துளைகளைப் பலகை பொருத்துமுன்பே போட வேண்டும். உண்மைத் தென்னங்கயிறு இந்த அளவுக்குத் தடிப்பு. பருத்தி நூலைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்தால் கயிற்றின் நிறம் வரும். பாய்ச் சீலைக்கும் அதே சாயம்தான்.

ஐந்தாவதுதான் முக்கியம். கடையில் கிடைக்காத பொருள் ஒன்று இதற்குத் தேவை: மரத்தோணியில் தொழில் செய்த ஒரு மூத்தவரின் ஞாபகம். யுத்தமும் 2004 சுனாமியும் நம் கரையில் எத்தனையோ தோணிகளைக் கொண்டுபோயின. இன்று எங்கு பார்த்தாலும் பைபர் படகு. மரத்தோணியின் ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் சொல்லத் தெரிந்த அப்பப்பாமாரும் வாப்பப்பாமாரும் குறைந்துகொண்டே போகிறார்கள். பிள்ளையை அவர்கள் பக்கத்தில் இருத்துங்கள். அவர் சொல்லும் பெயர்களை அப்படியே ஒரு கொப்பியில் எழுதட்டும்.

தொடந்துவை மாதிரியைச் செய்த கை, அது ஒருநாள் ஒரு முழுக் கப்பலுக்குச் சாட்சி சொல்லும் என்று நினைத்திருக்காது. நம் பிள்ளைகள் செய்வதும் அப்படி ஆகலாம். அடுத்த தவணையில் கொண்டுவந்து வகுப்பில் வைப்போம், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் வீட்டில் பழைய தோணிப் படமோ, உளியோ, ஒரு துண்டுப் பலகையோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். எங்களுக்கு ஒரு சொல் சொல்லுங்கள். வந்து பார்க்கிறோம்.