பத்தாயப் பலகையும் தங்க ரேக்கும்

இந்த எபிசோட் ஒரு வாட்ஸ்அப் போட்டோவில் தொடங்குகிறது. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் எங்கள் தாத்தா வீட்டைப் பிரிக்கிறார்கள். கூடத்தில் நின்ற பத்தாயத்தை வாசலில் எடுத்து வைத்து, அத்தை பொண்ணு படம் பிடித்து அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அண்ணா, இதை டீப்பாய் ஆக்கப் போறேன். நல்லா உப்புத்தாள் போட்டு இழைச்சுட்டு, மேல தஞ்சாவூர் பெயின்டிங் மாதிரி ரெண்டு மயில், கொஞ்சம் தங்க ரேக்கு. எப்படி இருக்கும்?"

பத்தாயம் பார்த்திராதவர்களுக்காக: அது நெல் கொட்டி வைக்கும் ஆளுயர மரப்பெட்டி. அடுக்கு அடுக்காகக் கழற்றலாம். மேலே நெல்லைக் கொட்டுவார்கள். கீழே சின்ன வாய் வழியாக வேண்டிய அளவு எடுத்துக்கொள்வார்கள். இப்போது டெல்டாவில் அறுத்த நெல் பெரும்பாலும் களத்திலிருந்து நேரே கொள்முதல் நிலையத்துக்கோ வியாபாரியிடமோ போய்விடுகிறது. வீட்டில் வருஷத்து நெல்லைச் சேர்த்து வைப்பவர்கள் குறைவு. அதனால் பத்தாயங்கள் பிரிபடுகின்றன. பலகைகள் கதவாகவும் பெஞ்சாகவும் மாறுகின்றன.

"சூப்பரா இருக்கும்" என்று டைப் பண்ணிவிட்டு, அனுப்பாமல் நிறுத்தினேன். தஞ்சாவூர்க்காரர்கள் மரத்தின் மேல் எப்படி வரைந்தார்கள், எந்த மரச்சாமான் மேல் வரைந்தார்கள்? அதைத் தேடிப் போனதுதான் இன்றைய கதை.

முதலில் பெயரைக் கவனியுங்க. நாம் தஞ்சாவூர் ஓவியம் என்று சொல்வதற்குப் பழைய பெயர் பலகைப் படம். பெயரிலேயே மரம் இருக்கிறது. ஓவியன் தூரிகையைத் தொடும் முன்பே தச்சன் வேலையைத் தொடங்கிவிடுவான்.

1676 வாக்கில் வெங்கோஜி தஞ்சையைப் பிடித்தார். அவர் சத்ரபதி சிவாஜியின் தம்பி, வேறு தாய்க்குப் பிறந்தவர். அதற்கு முன் ஆண்ட நாயக்கர் காலத்திலேயே தெலுங்கு பேசும் ஓவியர் குடும்பங்கள் இங்கே வந்திருந்தன. மராட்டிய அரண்மனை அவர்களுக்கு வேலை கொடுத்தது. 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த இரண்டாம் சரபோஜி காலத்தில் இந்தக் கலை உச்சத்தைத் தொட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1799 ஒப்பந்தத்திலேயே நாட்டின் நிர்வாகம் கம்பெனி கைக்குப் போய்விட்டது. ஆள நாடில்லாத ராஜா புத்தகம், மருத்துவம், இசை, ஓவியம் என்று இறங்கினார்.

இப்போ அந்தப் பலகையைக் கொஞ்சம் உரித்துப் பார்க்கலாம். அடியில் பலா மரம். அதன்மேல் பசையால் ஒட்டிய துணி. துணிமேல் சுண்ணாம்புத் தூளும் பசையும் கலந்த பூச்சு. காய்ந்ததும் வழவழப்பாகும்வரை தேய்ப்பார்கள். பிறகு கோட்டோவியம், கண்ணாடிக் கற்கள், புடைப்பு வேலை. இந்தப் புடைப்புக்கு மக்கு என்று பெயர். அதன்மேல் தங்க ரேக்கு. வண்ணம் இதற்கெல்லாம் பிறகுதான். விளக்கு வெளிச்சம் மட்டுமே இருந்த பூஜை அறையில் அந்த மேடு பள்ளமும் தங்கமும் சேர்ந்து மினுங்கும். வெண்ணெய்த்தாழியோடு உட்கார்ந்திருக்கும் கண்ணன் இருட்டிலும் தெரிவான்.

1855இல் ஆண் வாரிசு இல்லாமல் கடைசி ராஜா இறந்தார். கம்பெனி அரசையே எடுத்துக்கொண்டது. ஓவியர்கள் அரண்மனையை விட்டு வணிகர் வீடுகளை நம்ப வேண்டியதாயிற்று. அடுத்த அடி காகிதத்திலிருந்து வந்தது. 1894இல் ரவி வர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். சில அணாக்களுக்கு லட்சுமியும் சரஸ்வதியும் வீட்டுக்கு வந்தார்கள். பல வாரம் உழைத்துச் செய்த பலகை அந்த விலையோடு எப்படிப் போட்டி போடும்? பிறகு காலண்டர் வந்தது. பலகைப் படங்கள் பரணுக்கு ஏறின.

அவை மறுபடி இறங்கியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அரசுப் பயிற்சிகள், பூம்புகார் கடைகள், பழம்பொருள் சேகரிப்பவர்கள் என்று பல வழிகளில் தேவை திரும்பியது. 2007-08இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் இன்று பெரும்பாலான படங்களுக்கு அடியில் இருப்பது பலா இல்லை, பிளைவுட்.

சரி, டீப்பாய்க்கு வருவோம். பலகைப் படம் கை படாத பொருள். சட்டம் போட்டு, கண்ணாடி வைத்து, சுவரில் மாட்டுவது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்துக்கு இளகும், அடிபட்டால் உதிரும். சூடான காபி டம்ளர் தினமும் உட்காரும் இடத்தில் அது எத்தனை நாள் தாங்கும்? அதே ஊரில் கல்யாண மணையைப் பாருங்க. அதன்மேல் மணமக்கள் உட்கார வேண்டும். அதனால் அதில் புடைப்பும் இல்லை, தங்கமும் இல்லை. தட்டையான வண்ணக் கோலம்தான். எதன்மேல் கை படும், எதன்மேல் கண் மட்டும் படும் என்பதை வைத்து நம்ம ஊர் ஆட்கள் வேலையைப் பிரித்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் சொல்ல நேரிலேயே போனேன். பத்தாயத்தின் ஒரு பலகையைத் தச்சர் லேசாகச் சீவிக் காட்டினார். உள்ளே மஞ்சள். "பலாங்க. இப்ப இந்த அகலத்துக்குக் கிடைக்காது" என்றார். அடுத்த பலகையைத் திருப்பியபோது உள்பக்கம் கரிக்கோடுகள். நாலு கோடு, குறுக்கே ஒன்று. மறுபடி நாலு கோடு, குறுக்கே ஒன்று. எத்தனை கலம் நெல் கொட்டினோம் என்று தாத்தா போட்ட கணக்கு. கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். ஓர் இடத்தில் கோடுகள் சட்டென்று குறைந்திருந்தன. தண்ணீர் வராத வருஷமா, பெருவெள்ளமா, நிலத்தை விற்ற வருஷமா? கேட்க வீட்டில் யாரும் மிச்சமில்லை.

தச்சர் கையில் உப்புத்தாள் இருந்தது. ரெண்டு இழுப்பு போதும், அந்தக் கணக்கு போயிருக்கும். அத்தை பொண்ணுதான் முதலில் சொன்னாள்: "அண்ணே, அதைத் தொடாதீங்க."

டீப்பாய் தயாராகிறது. மேல்பலகையில் மணைக்கோலம், சாதாரண எனாமல் பெயின்ட். மயிலும் தங்கமும் பூஜை அலமாரிக் கதவுக்கு, கண்ணாடிக்குப் பின்னால். அதைத் தஞ்சாவூரில் இந்தத் தொழில் செய்பவரிடமே கொடுத்திருக்கிறோம். கரிக்கோட்டுப் பலகையை இழைக்கவில்லை. டீப்பாயின் அடியில், கோடுகள் கீழே பார்க்கிற மாதிரி பொருத்தச் சொன்னோம். தரையில் படுத்தால் தெரியும்.

உங்க வீட்டிலும் பழைய மரச்சாமான் இருந்தால், பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் பின்பக்கத்தை ஒரு தடவை திருப்பிப் பாருங்க. போட்டோ எடுத்து எங்களுக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.