கம்பளையில் தொடங்கிய ஒரு தோட்ட முதலாளியின் அரசியல்

கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை தாண்டி நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் நாங்க எத்தனையோ தடவை போயிருக்கிறோம். மலையக அரசியலின் பெரிய பெயர் ஒன்று வளர்ந்ததும் இதே பாதையில்தான். சௌமியமூர்த்தி தொண்டமான். படத்துக்கு மாலை போடுறவங்களும் இருக்காங்க, திட்டுறவங்களும் இருக்காங்க. ரெண்டையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு அவருடைய கதையைப் பார்ப்போம்.

அவர் பிறந்தது 1913இல், தமிழ்நாட்டின் முனாப்புதூரில். தந்தை கருப்பையா இங்கே கூலியாக வந்து, கங்காணியாகி, பிறகு இறம்பொடைப் பக்கம் வேவண்டன் தேயிலைத் தோட்டத்தையே வாங்கினவர். கங்காணி முறை என்றால் சும்மா இல்ல. தொழிலாளி கடனோடதான் மலையேறினார். அந்தக் கடனை எழுதின 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. மகன் படித்தது கம்பளை புனித அந்திரேயர் கல்லூரியில். படிப்பு முடிந்ததும் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார்.

அப்போ, தோட்டம் வைத்திருந்தவர் எப்படித் தோட்டத் தொழிலாளியின் தலைவரானார்?

1939 யூலையில் நேரு இலங்கை வந்தார். அரச வேலைகளிலிருந்து இந்திய வம்சாவளியினரை நிறுத்திய பிரச்சினைதான் காரணம். அந்த வருகையோடு இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. 1940 சனவரியில் முல்லோயா தோட்டத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். மலை கொதித்துக்கொண்டிருந்த அந்த ஆண்டில்தான் தொண்டமான் காங்கிரசின் கம்பளைக் கிளைத் தலைவரானார். லயத்தில் இருந்தவருக்குக் கூட்டம் கூட்டுவதே ஆபத்து. துரை வேலையை நிறுத்தினால் வீடும் போய்விடும். சொந்தக் காணி வைத்திருந்தவரை எந்தத் துரையும் வெளியேற்ற முடியாது. அவருடைய பலம் அதுதான். வரம்பும் அதுதான் என்று நாங்க நினைக்கிறோம்.

1947 தேர்தலில் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. தொண்டமான் நுவரெலியாவில், இராஜலிங்கம் நாவலப்பிட்டியில், கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையில். அடுத்த வருடமே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்கும் போனது. 1952 தேர்தலில் காங்கிரசுக்கு ஒரு ஆசனம்கூட இல்லை. கையில் மிஞ்சியது தொழிற்சங்கம் மட்டும். வாக்கில்லாத சனத்துக்கு வேலைநிறுத்தம்தான் வாக்குச்சீட்டு.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரின் கதை பிறகு பார்க்கலாமாம்! 1977இல் தொண்டமான் மீண்டும் மக்களால் தெரிவானார், 1978இல் அமைச்சரானார். 1984 வேலைநிறுத்தத்தால் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் வந்தது. 1988இல் நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் நிறைவேறியது. வாக்கு திரும்பியதால்தான் பிற்பாடு மத்திய மாகாண சபையிலும் மலையகத் தமிழர் உட்கார முடிந்தது.

ஆனா, 1983 யூலையில் நம்ம சனம் தாக்கப்பட்டபோதும் அவர் அமைச்சராகவே இருந்தார். உள்ளே இருந்தால்தான் பேரம் பேசலாம் என்பது அவருடைய வழி. 1999இல் இறக்கும்வரை அதை விடவில்லை. கட்சித் தலைமை பேரனிடம் போனது. கொழுந்து பறிக்கிற கைகளுக்கு அது போகவில்லை.

பறிபோன வாக்கை மீட்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதை மறைப்பது நன்றிகேடு. காணியோ இன்னும் பெரும்பாலானவர்களுக்கு வரவில்லை. அவருக்குத் துணிச்சல் தந்ததே சொந்தக் காணிதான். அப்படியென்றால் லயத்துப் பிள்ளைக்கும் அது வேண்டாமா? அடுத்த தேர்தலுக்கு வீட்டுக்கு வருகிற வேட்பாளரிடம் முதலில் இதைக் கேட்போம்.